சாயத் தொழிலுக்கு ஓர் ஆவணக் காப்பகம் வேண்டி: அருங்காட்சியகங்கள் துறைக்கும் துணிநூல் துறைக்கும் திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் அருங்காட்சியகங்கள் துறையிலும் கைத்தறி, துணிநூல் துறைகளிலும் பொறுப்பில் இருக்கும் அலுவலர்களுக்கு,

வணக்கம்.

நம் மாநிலத்தில் துணியின் வரலாற்றைக் காட்சிக்கு வைக்கும் இடங்களில், நான் பார்த்தவரை, தறி இருக்கிறது, இராட்டை இருக்கிறது, காஞ்சிபுரத்துப் பட்டு கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. சாயம் மட்டும் துணியின் மேல் நிறமாகத் தெரிவதோடு சரி. அந்தச் சிவப்பை ஏற்றியவர் யார், எதைக் கொண்டு ஏற்றினார், எந்தத் தண்ணீரில் அலசினார், அலசிய தண்ணீர் எங்கே போயிற்று என்று சொல்லும் ஒரு சிறு அட்டைகூட அங்கே இருப்பதில்லை. துணிநூல் வேதியியல் படித்து, கொங்கு நாட்டுச் சாயப்பட்டறைகளின் ஆய்வகங்களில் பணிக்காலத்தைக் கழித்தவன் என்ற முறையில் உங்களிடம் ஒரு கோரிக்கை வைக்கிறேன். சாயமேற்றும் தொழிலின் மாதிரிகளையும் குறிப்பேடுகளையும் நினைவுகளையும், அத்தொழில் நம் ஆறுகளுக்குச் செய்ததையும் சேர்த்து, அரசு முறையாகத் திரட்டத் தொடங்க வேண்டும்.

இது புதிதாக யாரும் நினைக்காத வேலை அல்ல. நம் சாயத் தொழிலைப் பிறர் பலமுறை பதிவு செய்திருக்கிறார்கள். 1734ஆம் ஆண்டில் பொலியோ என்ற பிரெஞ்சுக் கப்பல் அதிகாரி புதுச்சேரியில் ஒரு வேலை செய்தார். துணியில் வண்ணம் எழுதும் கைவினைஞர்களைத் தம் கண்ணெதிரே வேலை செய்ய வைத்து, ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் அந்தத் துணியிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்து, அந்தக் கட்டத்தில் என்ன நடந்தது என்பதைப் பக்கத்தில் எழுதிவைத்தார். அவரை அப்படிச் செய்யச் சொன்னவர் பாரிஸில் இருந்த து ஃபே என்ற வேதியியலாளர். மின்னேற்றம் இரண்டு வகைப்படும் என்று கண்டறிந்தவரும் அவர்தான், பிரான்சின் சாயத் தொழிலுக்கு அரசின் மேற்பார்வையாளராக இருந்தவரும் அவர்தான். அந்தத் துண்டுகள் இன்றும் பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. எட்டு ஆண்டுகள் கழித்து, 1742இல், கேர்தூ என்ற இயேசு சபைப் பாதிரியார், தம்மிடம் கிறித்தவராக மாறிய சாயக்காரர்களிடம் கேட்டறிந்த செய்முறையை விரிவான கடிதமாக எழுதிப் பிரான்சுக்கு அனுப்பினார். அந்தக் காலத்தில் இந்திய வண்ணத் துணிகளுக்குப் பிரான்சில் தடை இருந்தது. 1686இல் விதித்த அந்தத் தடை 1759இல் நீங்கியது. அடுத்த ஆண்டே ஓபர்காம்ஃப் என்பவர் வெர்சாய் அருகே ஜூயி என்ற ஊரில் தம் துணி அச்சுத் தொழிற்சாலையைத் தொடங்கினார். ஒரு கடிதத்தால் ஒரு தொழில் கைமாறிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கடிதம் எழுதியவர் எதற்காக எழுதினார் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

ஆங்கிலேயர்களும் இதில் பின்தங்கவில்லை. சோழமண்டலக் கரையின் தாவரங்களைப் பற்றி 1795 முதல் வெளியான தம் நூலில், ராக்ஸ்பரோ என்ற தாவரவியலாளர் சாயவேர்ச் செடியையும் அதைக் கொண்டு சிவப்பேற்றும் முறையையும் விவரித்தார். 1866இல் ஃபோர்ப்ஸ் வாட்சன் என்ற பிரிட்டிஷ் அரசு அலுவலர் இந்தியத் துணிகளின் 700 மாதிரிகளை வெட்டி ஒட்டி, 18 தொகுதிகளாக, 20 படிகள் தயாரித்தார். அவற்றில் பெரும்பகுதி பிரிட்டனின் நெசவு நகரங்களுக்குப் போனது; இந்தியர் எதை வாங்குவார்கள் என்று லங்காஷயர் ஆலைக்காரர் தெரிந்துகொண்டு அதையே நெய்து அனுப்ப வேண்டும் என்பதே நோக்கம். 1896இல் சென்னை மாகாண அரசு எட்வின் ஹோல்டர் என்பவரைக் கொண்டு மாகாணத்தின் சாயங்கள் பற்றித் தனி அறிக்கை எழுதி வாங்கியது. ஆக, இன்று உங்கள் துறைகள் அமர்ந்திருக்கும் இதே நகரத்திலிருந்து, நான் இப்போது கேட்கும் வேலை ஒருமுறை நடந்திருக்கிறது. அது நடந்தபோதே பழைய தொழில் பாதி போய்விட்டது.

எப்படிப் போயிற்று என்பதைச் சொல்வதற்கு முன், அந்தச் சிவப்பு எத்தகையது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சாயவேர் என்பது கடற்கரை மணலில் வளரும் சிறு செடியின் வேர். இம்பூறல் என்றும் அதைச் சொல்வார்கள். அதற்குள் இருக்கும் நிறப்பொருள் அலிசரின். பருத்தித் துணியை அந்த வேர்ச்சாற்றில் வெறுமனே முக்கினால் நிறம் ஏறாது. ஏறினாலும் ஒரு சலவைக்கு மேல் நிற்காது. ஆகவே துணியை முதலில் கடுக்காயும் எருமைப் பாலும் கலந்த நீரில் ஊறவைத்துக் காயவிட்டார்கள். கடுக்காயின் துவர்ப்புப் பொருள் பருத்தியோடு ஒட்டிக்கொள்ளும்; பாலின் கொழுப்பு, அடுத்து எழுதப்போகும் கரைசல் துணியில் பரவிவிடாமல் காக்கும். அதன்மேல் படிகாரக் கரைசலால் கோலம் எழுதினார்கள். பிறகு வேரோடு சேர்த்துக் கொதிக்க வைத்தால், படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்புப் பிடிக்கும். துருப்பிடித்த இரும்பை ஊறவைத்த நீரால் எழுதிய இடத்தில் கறுப்புப் பிடிக்கும். மற்ற இடத்தில் லேசாக ஏறிய நிறத்தை, சாணமும் தண்ணீரும் வெயிலும் சேர்ந்து ஆற்றுமணலில் பல நாட்கள் வெளுத்து எடுக்கும். ஒரே தொட்டியில் இரண்டு மூன்று நிறங்களை வரவழைத்த இந்த அறிவைப் பார்த்து ஐரோப்பிய வேதியியலாளர்கள் வியந்ததில் வியப்பில்லை. எல்லா ஊர்த் தண்ணீரிலும் இந்தச் சிவப்பு எடுபடாது என்றும், குறிப்பிட்ட கிணற்று நீர்தான் வேண்டும் என்றும் சாயக்காரர்கள் சொல்லிவந்தார்கள். தண்ணீரில் கரைந்துள்ள சுண்ணாம்புச் சத்து அலிசரின் சிவப்பைக் கூட்டும் என்று பின்னாளில் வேதியியலும் ஒப்புக்கொண்டது.

இதை எழுதும்போது ஓர் எச்சரிக்கையையும் சேர்த்து எழுதியாக வேண்டும். இயற்கைச் சாயம் என்றதும் பழங்காலத்துத் தூய்மை ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளும் பழக்கம் இப்போது கண்காட்சிகளில் பெருகிவருகிறது. டச்சுக்காரர் ஆட்சியில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்துத் தீவுகளிலும் சாயவேர் தோண்டுவது அரசின் ஏகபோகமாக இருந்தது. வேர் தோண்டுவதற்கென்றே ஒதுக்கப்பட்ட சாதியார் அதைக் கட்டாய ஊழியமாகச் செய்தார்கள். பீகாரில் நீலச் சாயம் தரும் அவுரியை விளைவித்த குடியானவர்களின் துயரம் 1917இல் காந்தியைச் சம்பாரணுக்கு வரவழைத்தது. செடியிலிருந்து வந்த நிறம் என்பதால் அதன் பின்னால் இருந்த உழைப்பு நேர்மையாகக் கிடைத்ததாக ஆகிவிடாது. உங்கள் காட்சிக்கூடத்தில் அவுரியும் சாயவேரும் இடம்பெற்றால், இந்தச் செய்திகளும் அவற்றின் பக்கத்திலேயே இடம்பெற வேண்டும்.

1856இல் லண்டனில் பதினெட்டு வயது வில்லியம் பெர்கின், மலேரியாவுக்கான குயினைனைச் செயற்கையாகச் செய்யப் பார்த்து, ஊதா நிறச் சாயம் ஒன்றைக் கண்டுபிடித்த கதை பாடப் புத்தகங்களிலேயே இருக்கிறது. நம் கரைக்கு அதைவிட முக்கியமான ஆண்டு 1868. அந்த ஆண்டு கிரேப, லீபர்மன் என்ற இரு ஜெர்மானியர்கள் நிலக்கரியிலிருந்து கிடைக்கும் கரித்தாரிலிருந்து அலிசரினைச் செய்துகாட்டினார்கள். அடுத்த ஆண்டு அதை ஆலையில் செய்யும் முறைக்கு ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் நிறுவனத்தின் தரப்பில் லண்டனில் காப்புரிமை கேட்டு விண்ணப்பம் போன மறுநாளே, அதே பொருளுக்குப் பெர்கினும் விண்ணப்பித்தார். செடியில் இருப்பதும் ஆலையில் செய்வதும் ஒரே மூலக்கூறு; நிறத்தில் குறை சொல்ல வழியில்லை, விலையிலோ போட்டியிட வழியில்லை. தென்பிரான்சில் அவிஞோன் சுற்றுவட்டாரத்தில், வேரில் அதே அலிசரினைத் தரும் மஞ்சிட்டியைப் பயிரிட்ட விவசாயிகள் சில ஆண்டுகளிலேயே அதைக் கைவிட்டார்கள். நம் பக்கத்திலும் அதேதான் நடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் சென்னை மாகாணத்துச் சாயத் தொட்டிகளில் வேரின் இடத்தை டப்பாவில் வந்த ஜெர்மன் அலிசரின் பிடித்துக்கொண்டது. 1897இல் பிஏஎஸ்எஃப் செயற்கை அவுரியை விற்பனைக்குக் கொண்டுவந்ததும் அவுரித் தோட்டங்களுக்கும் அதே கதி. கடப்பை, நெல்லூர், தென்னாற்காடு மாவட்டங்களில் அவுரி விளைந்த நிலங்கள் வேறு பயிருக்கு மாறின. 1914இல் போர் வந்து ஜெர்மன் சாயம் நின்றபோது சில ஆண்டுகள் அவுரி மீண்டும் தலைதூக்கியது. போர் முடிந்ததும் மறுபடி சரிந்தது.

கம்பளங்களின் உலகத்திலும் இதே கொந்தளிப்பு இருந்தது. கரித்தாரிலிருந்து செய்த ஆரம்பகால அனிலின் சாயங்கள் வெயிலில் வெளுத்தன, தண்ணீர் பட்டால் ஒழுகின. பாரசீகக் கம்பளத்தின் பெயரே கெடும் நிலை வந்தது. 1882இல் நாசிருத்தீன் ஷா அவற்றை இறக்குமதி செய்யத் தடை விதித்தார். தடை பலிக்கவில்லை, பின்னர் வந்தவர்களும் மறுபடி மறுபடி ஆணையிட வேண்டியிருந்தது. மலிவான, வேலை குறைந்த ஒரு பொருளை ஆணையால் மட்டும் நிறுத்திவிட முடியாது என்பதற்கு அதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. பிற்காலத்தில் வந்த குரோமியச் சாயங்கள் வெளுக்காமல் நின்றன. அதற்குப் பிறகு குறை சொல்லியவர்களுக்கு நிறத்தின் உறுதியைப் பற்றிப் பேச இடமில்லாமல் போய், நிறத்தின் அழகைப் பற்றி மட்டுமே பேசினார்கள்.

நம் பவானி ஜமக்காளமும் இந்தச் செயற்கைச் சாயக் காலத்தின் குழந்தைதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சீமைத் துணியின் போட்டியில் நொடித்த நெசவாளர்கள் முரட்டுப் பருத்தி நூலில் நெய்யத் தொடங்கிய விரிப்பு அது. பட்டை பட்டையான வண்ணக் கோடுகளே அதன் அழகு. நெய்வதற்கு முன் நூலிலேயே ஏறிய நிறம்தான் அந்தக் கோடு. ஆகவே சாயத் தொட்டியில் கம்புகளில் கோத்த நூல் கழிகளைத் திருப்பித் திருப்பிப் போட்டு ஒரே சீராக நிறமேற்றியவருக்கும், தறியில் அமர்ந்தவருக்கு இணையான பங்கு அதில் உண்டு. 2005இல் ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது பேச்செல்லாம் நெசவைப் பற்றியே இருந்தது. சாயக்காரரின் பங்கை யாரும் மறுக்கவில்லை, நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

இனி, எனக்கு நேரடியாகத் தெரிந்த காலத்துக்கு வருகிறேன். 1956இல், பெர்கினின் ஊதாவுக்குச் சரியாக நூறாண்டு கழித்து, பிரிட்டனின் ஐசிஐ நிறுவனம் புரோசியான் என்ற பெயரில் வினைச் சாயங்களைக் கொண்டுவந்தது. அதுவரை வந்த சாயங்கள் பருத்தி இழையில் ஒட்டிக்கொண்டோ உள்ளே சிக்கிக்கொண்டோ நின்றன. இவை இழையோடு வேதிப் பிணைப்பே ஏற்படுத்திக்கொண்டன. பளிச்சென்ற நிறம், சலவைக்கு அசையாத உறுதி, பெரிய உலை எதுவும் தேவையில்லாத எளிய செய்முறை. எண்பதுகளிலிருந்து திருப்பூர் வெள்ளைப் பனியனிலிருந்து வண்ணச் சட்டைக்கு மாறி ஏற்றுமதி நகரமாக உயர்ந்ததற்கு இந்தச் சாயம் ஒரு முக்கியக் காரணம்.

அதே சாயத்துக்கு இரண்டு குணங்கள் உண்டு. முதலாவது, அது தானாகப் பருத்தியை நாடிப் போகாது; தொட்டித் தண்ணீரில் உப்பைக் கரைத்துத்தான் அதை இழையின் பக்கம் தள்ள வேண்டும். அடர்ந்த நிறத்துக்கு லிட்டருக்கு 60 கிராம், அதற்கு மேலும் உப்புப் போட வேண்டியிருக்கும். ஒரு கிலோ துணிக்கு 15 லிட்டர் தண்ணீர் பிடித்த பழைய வின்ச் தொட்டியில் கணக்குப் போட்டால், ஒரு கிலோ துணிக்கு 900 கிராம் உப்பு. 8 லிட்டரில் முடித்துவிடும் சாஃப்ட் ஃப்ளோ எந்திரத்திலும் 480 கிராம். அந்த உப்பில் ஒரு துளியும் துணியோடு போகாது. இரண்டாவது, சோடா உப்புப் போட்டு வினையைத் தொடங்கியதும் சாயத்தின் ஒரு பகுதி பருத்தியோடு பிணையாமல் தண்ணீரோடு பிணைந்து வீணாகும். அதைச் சோப்புப் போட்டுப் பலமுறை அலசி வெளியேற்ற வேண்டும். நிறம் கண்ணுக்குத் தெரிந்ததால் ஊர் நிறத்தைப் பற்றிப் பேசியது. தொண்ணூறுகளில் வந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் நிறத்தைத்தான் முதலில் குறைத்தன. கண்ணுக்குத் தெரியாத உப்பு நொய்யலில் அப்படியே போய்க்கொண்டிருந்தது.

வெள்ளியங்கிரி மலையில் தோன்றி, கோவையையும் திருப்பூரையும் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேரும் அந்த ஆற்றின் குறுக்கே, பாசனத்துக்காக 1992இல் ஒரத்துப்பாளையம் அணை பயன்பாட்டுக்கு வந்தது. திருப்பூரின் சாயக்கழிவு முழுவதும் வந்து தேங்கும் இடமாக அது ஆயிற்று. பாசனத்துக்கென்று கட்டிய அணையிலிருந்து தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. கிணறுகள் உப்பாயின, மண் கெட்டது. நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடக் கூடாது என்று 2006இல் தீர்ப்பு வந்தது. 2009இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அப்படியும் நிறைவேறாததால் 2011 ஜனவரி 28 அன்று திருப்பூரின் சாய, சலவை ஆலைகள் அனைத்தையும் மூட உத்தரவாயிற்று. எழுநூறுக்கும் மேற்பட்ட ஆலைகள் ஒரே நேரத்தில் நின்றன. வேலை இழந்தவர்கள் சாயத் தொழிலாளர் மட்டுமல்லர். சாயம் ஏறாத துணியை வைத்துக்கொண்டு தையல் கூடங்கள் என்ன செய்யும்?

அதன் பிறகு நடந்ததை உலகம் இன்னும் சரியாகக் கவனிக்கவில்லை என்பது என் கருத்து. கழிவுநீரை நுண்ணுயிர்களால் சுத்தம் செய்து, சவ்வுகளின் வழியே எதிர்ச்சவ்வூடு முறையில் நல்ல தண்ணீரைப் பிரித்து, மிஞ்சும் அடர்ந்த உப்புநீரை ஆவியாக்கி உப்பையே திரும்ப எடுக்கும் நிலையங்கள், அரசின் வட்டியில்லாக் கடனோடு, ஒன்றன்பின் ஒன்றாக இயங்கத் தொடங்கின. அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில், அந்த உப்புநீரை ஆவியாக்காமலேயே தெளிவாக்கி மறுபடியும் சாயத் தொட்டிக்கே அனுப்பும் முறையைச் சோதித்துப் பார்த்து வெற்றி கண்டார்கள். இது தானாக வந்த ஞானம் அல்ல. நீதிமன்றம் கதவை அடைத்ததால் வந்தது. பிரிக்க முடியாத கலப்பு உப்பும் சாயக் கசடும் இன்னும் தொல்லையாகவே இருக்கின்றன, மின்செலவும் கழுத்தை நெரிக்கிறது. இருந்தாலும், பருத்திக்குச் சாயமேற்றும் ஒரு நகரம் ஏறத்தாழ முழுவதுமாகத் தன் தண்ணீரைத் தானே திரும்பப் பயன்படுத்துவது, நம் தொழில் வரலாற்றில் ஜமக்காளத்துக்கும் சுங்குடிக்கும் குறையாத இடத்துக்கு உரியது. அதைச் சாதித்த மேற்பார்வையாளர்களும் பிட்டர்களும் ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் எழுதிவைத்த பதிவேடுகள் பழைய காகிதத்தின் விலைக்குப் போய்விடக் கூடாது.

எனவே நான் கேட்பவை நடைமுறைக்கு உகந்தவைதாம். எடின்பரோவிலுள்ள ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகத்தில், லெவன் பள்ளத்தாக்கின் சிவப்புச் சாய ஆலைகள் விட்டுச் சென்ற சுமார் 200 மாதிரிப் புத்தகங்கள் இருக்கின்றன. அந்த ஆலைகள் நம் சிவப்பின் மாற்றை நமக்கே விற்றவை. மூடும்போது அவை புத்தகங்களைக் காப்பாற்றின. நம் சாயப்பட்டறைகளிலும் அதற்கு இணையானவை இருக்கின்றன: ஒவ்வொரு ஷேடுக்கும் துணித் துண்டு ஒட்டி, சாயத்தின் விழுக்காடும் உப்பின் அளவும் வெப்பமும் நேரமும் எழுதிய லேப் டிப் ஏடுகள், சாய நிறுவனங்கள் தந்த நிற அட்டைகள், டையிங் மாஸ்டர்கள் தம் கைக்கென்று வைத்திருந்த குறிப்புகள். இவற்றைக் கேட்டு வாங்குங்கள். வணிக இரகசியம் என்று தயங்குவோரிடம் இருபது ஆண்டுகளுக்கு முந்தையவற்றை மட்டும் கேட்கலாம். திருப்பூரோடு நிறுத்திவிடாமல் ஈரோடு, பவானி, கரூர், சின்னாளபட்டி, மதுரை என்று நூல் சாயமேற்றிய ஊர்களுக்கும் ஆள் அனுப்புங்கள். பொலியோ செய்ததைப் போல, ஒரு சுங்குடியிலும் ஒரு ஜமக்காள நூல் கழியிலும் கட்டத்துக்குக் கட்டம் மாதிரி எடுத்து வையுங்கள்; இந்த முறை அது நம்மிடமே இருக்கட்டும்.

தொழிலாளரின் உடல்நிலை பற்றிய பதிவையும் விட்டுவிடாதீர்கள். மஜந்தா சாய ஆலைத் தொழிலாளரிடையே சிறுநீர்ப்பைப் புற்றுநோய் காண்பதை 1895இலேயே ஃபிராங்க்ஃபர்ட் அறுவை மருத்துவர் லுட்விக் ரேன் எடுத்துச் சொன்னார். பென்சிடின் முதலான தீய பொருள்களை வெளிவிடும் அசோ சாயங்களுக்கு ஜெர்மனி 1994இலும் இந்தியா 1997இலும் தடை விதித்தன. அதற்கு முன் அந்தச் சாயங்களை வெறுங்கையால் அள்ளிக் கரைத்தவர்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்விகளை மருத்துவம் அறிந்தவர் ஒருவர் தயாரிக்க வேண்டும். அருங்காட்சியகத்தார் மட்டும் போய்க் கேட்டால் அது நினைவுக் குறிப்பாக முடிந்துவிடும்.

கடைசியாக, இந்த வேலைக்கென்று நீங்கள் ஒரு குழு அமைப்பதானால், அதில் பேராசிரியர்களும் ஏற்றுமதியாளர்களும் மட்டும் இருப்பது போதாது. தொட்டியருகே நின்று சாயமேற்றிய ஒருவர், சுத்திகரிப்பு நிலையத்தை இயக்கிய ஒருவர், ஒரத்துப்பாளையத்துக்குக் கீழே நிலம் வைத்திருக்கும் விவசாயி ஒருவர், இந்த மூவரும் வாக்குரிமையுள்ள உறுப்பினர்களாக இருக்க வேண்டும். அணையின் கதையைக் காட்சிக்கூடத்தில் எந்தச் சொற்களில் எழுதுவது என்பதில் ஆலைக்காரருக்கும் விவசாயிக்கும் கருத்து வேறுபடும் என்பது எனக்குத் தெரியும். அப்படி வேறுபட்டால் இரண்டையும் எழுதி, யார் சொன்னது என்று குறிப்பிட்டு வையுங்கள். என்னிடம் உள்ள லேப் டிப் ஏடுகளை எந்த நிபந்தனையும் இன்றி ஒப்படைக்க ஆயத்தமாக இருக்கிறேன். அவற்றைப் பெற்றுக்கொண்டு ஒப்புகைச் சீட்டுத் தர இப்போதைக்கு எந்த அலுவலகத்துக்கு அதிகாரம் உண்டு என்பதை மட்டும் அறிவித்தால் போதும்.

இப்படிக்கு,
சாயத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவன்